வரைபடத்தில் பிறந்த ஊர்



மக்கள் கூடி வாழும் இடத்தைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? கடற்கரை நிலத்திற்குப் பாக்கமும் பட்டினமும், வயல் சூழ்ந்த மருதத்திற்கு ஊரும் பேரூரும், ஆயர் வாழும் முல்லைக்குப் பாடியும் சேரியும், மலைநிலத்திற்குச் சிறுகுடி. எதனை நம்பி அந்த மக்கள் அங்கே அமர்ந்தார்கள் என்பதை ஒவ்வொரு சொல்லும் சொல்லாமற் சொல்கிறது. நான் பிறந்து வளர்ந்த ஊர் குறிஞ்சிப்பாடி. இந்தப் பெயரில் முன்பாதி மலைக்கு உரியது. பின்பாதி முல்லைக்கு உரியது. ஊரோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளியில் கிடக்கிறது. இந்தத் திணைமயக்கத்தைத் தீர்த்து வைக்கும் பொறுப்பை மொழி வல்லாரிடம் விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊரைப் போன்ற ஊர்களை எவரும் உட்கார்ந்து திட்டமிட்டு அமைக்கவில்லை. ஏரி இருந்தது, குடி வந்தது. குடி வந்தபின் கோயில் எழுந்தது. தறி வந்தபின் தெரு நீண்டது. கைலி நெய்து பெயர் பெற்ற ஊராதலின், பாவு நீட்டுவதற்குத் தக்கபடி தெருவும் அமைந்தது. வளைந்த இடத்தில் ஏன் வளைந்தது என்று கேட்டால், அங்கே ஒரு வேப்பமரம் நின்றது என்பார்கள். மரம் போய் இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். வளைவு மட்டும் போகவில்லை.

எங்கள் குறிஞ்சிப்பாடித் தாலுகாவிலேயே, வடலூரைத் தாண்டி மேற்கே சிறிது தூரம் சென்றால், இதற்கு நேர்மாறான ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தெருக்கள் வளைவதில்லை. நூல் பிடித்தாற்போல் ஓடி, ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டுகின்றன. தெருக்களுக்கு இருபுறமும் மரங்கள். வீட்டுக்கு வீடு தோட்டம். ஊர் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அப்பகுதிகளுக்கு வட்டம் என்று பெயர். முதல் வட்டம், இரண்டாம் வட்டம் என எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். நெய்வேலி நகரியத்தைத்தான் சொல்கிறேன். மண்ணில் பிறக்குமுன் வரைபடத்தாளில் பிறந்த ஊர் அது.

அது பிறந்த கதையை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். 1935ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டினார். நீரோடு சேர்ந்து கரிய பொருள் ஒன்று மேலே வந்தது. வேறொருவராயின் நீர் கெட்டது என்று கிணற்றை மூடியிருப்பார். அவரோ அதனை எடுத்து வைத்து, இஃது என்னவென்று ஆராயுமாறு அரசினரை வேண்டினார். பிற்காலத்தில் தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரை இத்திட்டத்திற்கு வழங்கவும் செய்தார். அது பழுப்பு நிலக்கரி என்பது தெளிவாயிற்று. 1956 நவம்பரில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. காமராசர் முதலமைச்சராக இருந்த அந்நாளில், 1957 மே மாதம் 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நான்கு ஆண்டுகள் மண்ணை அகற்றிய பின்னரே, 1961இல், கரியின் முகம் தெரிந்தது. மறு ஆண்டு மின்னாக்கம் தொடங்கியது.

அந்த நான்கு ஆண்டு உழைப்பை எளிதாக எண்ணிவிடலாகாது. கரிப்படுகை ஏறத்தாழ 50 மீட்டர் முதல் 100 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. மேலே இருந்தது வெறும் மண்ணன்று. இயந்திரத்தின் பற்களைத் தேய்த்துத் தின்னும் கடுமணற்பாறை. சக்கரத்தில் வாளிகளைக் கோத்தாற்போன்ற பேரியந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றின் பற்களை நம் மண்ணுக்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது. கரிக்குக் கீழே மற்றோர் இடர் காத்திருந்தது. அங்குள்ள ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும். அதனை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே வெடித்து நீர் புகுந்துவிடும். ஆதலால் இரவென்றும் பகலென்றும் இல்லாமல் நீரை இறைத்த வண்ணம் இருக்கிறார்கள். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று எங்கள் பக்கத்து வயல்களில் பாய்கிறது. முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்தது. வளர்ந்து முடிந்தபோது 600 மெகாவாட் திறனுடையதாக இருந்தது. ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தலைநகரின் விளக்குகளுக்கும் நெய்வேலியின் மின்சாரம் கம்பிவழிச் சென்றது.

இத்தனை வேலைக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டுமல்லவா? அவர்கள் எங்கே குடியிருப்பது? அந்த வினாவிற்கு விடையாகத்தான் நகரியம் எழுந்தது.

இங்கே சற்று நிறுத்தி, உங்களை நெடுந்தொலைவிலுள்ள வேறோர் ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். காரணம் உண்டு. நெய்வேலி வரைபடத்தாளில் இருந்த அதே காலத்தில், உலகின் வடகோடியில் பின்லாந்து நாட்டிலும் ஒரு புதிய ஊர் எழுந்துகொண்டிருந்தது. ஹெல்சிங்கி என்னும் தலைநகருக்கு மேற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில், எஸ்ப்போ என்ற வட்டாரத்தில் உள்ளது அது. தாப்பியோலா என்பது அதன் பெயர்.

அந்த நாட்டின் அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். 1939க்கும் 1944க்கும் இடையே இரு முறை சோவியத் நாட்டோடு போர். முடிவில் கரேலியா என்னும் பகுதியை இழந்தார்கள். அங்கிருந்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடிழந்து வந்து சேர்ந்தார்கள். மொத்த மக்களில் பத்தில் ஒரு பங்கினர் எனலாம். தலைநகரில் இடமில்லை. கிடைத்த இடத்தில் நெருக்கமான அடுக்குக் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பொழுது ஹெய்க்கி வான் ஹெர்ட்சன் என்னும் வழக்கறிஞர் 1946இல் ஒரு சிறு நூல் எழுதினார். நம் குழந்தைகளுக்கு வேண்டியது வீடா, படைக்கொட்டிலா என்பதே அதன் தலைப்பின் பொருள். தலைப்பிலேயே முழு வாதமும் அடங்கிவிட்டது பார்த்தீர்களா? வழக்கறிஞர் அல்லவா!

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. 1951இல் ஆறு சமூக அமைப்புகள் ஒன்றுகூடி ஒரு வீட்டுவசதி அறநிறுவனத்தைத் தோற்றுவித்தன. தொழிற்சங்கம், குழந்தைநலச் சங்கம், வாடகைக்குடியிருப்போர் சங்கம், போரில் உடல் ஊனமுற்றோர் சங்கம் முதலியன அவற்றுள் அடங்கும். குடியிருக்கப் போகிறவர்களின் சங்கங்களே ஊரைக் கட்ட முன்வந்தன என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். காட்டோடு கூடிய நிலத்தை வாங்கினார்கள். ஊரின் நடுப்பகுதியை ஆர்னே எர்வி என்ற கட்டடக் கலைஞர் வகுத்தார். வேறு பல கலைஞர்களும் ஆளுக்கொரு பகுதியை வகுத்தார்கள். பாறைகளையும் பைன் மரங்களையும் கூடியமட்டும் இருந்த இடத்திலேயே விட்டு, அவற்றிடையே வீடுகளை அமைத்தார்கள். நடுவில் ஒரு பழைய சரளைக்கல் குழி கிடந்தது. அதனைத் தூர்க்காமல் நீர் நிரப்பித் தடாகமாக்கிவிட்டார்கள். இன்று ஊரின் அழகே அந்தத் தடாகந்தான்.

பெயர் வைத்த கதையும் சுவையானது. 1953இல் பொதுமக்களிடையே பெயர்ப்போட்டி ஒன்று நடத்தினார்கள். தாப்பியோ என்பவன் அந்நாட்டுக் கதைகளில் வரும் காட்டுத் தெய்வம். அவர்களுடைய காவியமாகிய காலேவாலாவில் அவனைப் பற்றிய செய்திகள் உண்டு. அவன் உறையும் இடம் தாப்பியோலா. காட்டை வெட்டாமல் காட்டுக்குள்ளே குடியேறப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? நெய்வேலியில் பழைய சிற்றூரின் பெயரையே நகரியத்திற்கும் வைத்துக்கொண்டோம். அது மிகவும் நல்ல காரியம். நில அளவையாகிய வேலி என்னும் சொல் அப்பெயரில் ஒலிப்பதே அழகாக இருக்கிறது. ஆனால் ஊருக்குள்ளே எல்லாவற்றிற்கும் எண்ணை இட்டுவிட்டோம். நெய்வேலிக்காரர் இருவர் வெளியூரில் சந்தித்தால் முதற்கேள்வி எந்த வட்டம் என்பதுதான். பதினாறு என்றோ, இருபத்தொன்பது என்றோ விடை வரும். எண்ணுக்கும் நாளடைவில் ஒரு முகம் வந்துவிடுகிறது, அதனை மறுக்கவில்லை.

இரண்டு ஊர்களுக்கும் மூலம் ஒன்றே. இங்கிலாந்தில் எபனேசர் ஹாவர்டு என்பவர் 1898இல் வெளியிட்ட நூலில் தோட்டநகர் என்னும் கருத்தை முன்வைத்தார். நகரின் வசதியையும் நாட்டுப்புறத்தின் காற்றையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவர் அவா. நெய்வேலியில் அது கைகூடியிருக்கிறது என்றே சொல்வேன். கோடைக்காலத்தில் குறிஞ்சிப்பாடியிலிருந்து அங்கே போனால், நிழலுக்குள் நுழைந்தவுடன் உடம்பு அதனை உணர்ந்துவிடும். வீட்டுத் தோட்டங்களில் மாவும் பலாவும். பள்ளிகள், மருத்துவமனை, விளையாட்டரங்கம், நூலகம், எல்லாம் நடந்துபோகும் தூரத்திலோ மிதிவண்டித் தூரத்திலோ உண்டு. 1998 முதல் அங்கே நடைபெற்றுவரும் புத்தகக் கண்காட்சிக்குச் சுற்றுப்புறத்து மாணவர்களெல்லாம் செல்கிறார்கள். பல மாநிலத்தார் கூடி வாழ்வதால் ஒரே தெருவில் நான்கு மொழிகள் கேட்கும். தொழிலாளிக்கும் தண்ணீர்க்குழாயும் தோட்டமும் உள்ள வீடு வேண்டும் என்று நம் நாட்டில் எண்ணிக் கட்டப்பட்ட ஊர்களுள் இஃது ஒன்று. அக்காலத்துப் பழைய ஆலைகளை அடுத்த வரிசைக் குடியிருப்புகளைப் பார்த்தவர்கள்தாம் இதன் அருமையை அறிவர்.

அப்படியானால் வேறுபாடு எங்கே?

முதலாவது, யார் பக்கத்தில் யார் வாழ்வது என்பதில். தாப்பியோலாவில் உயர்ந்த கட்டடமும் தாழ்ந்த வீடும் கலந்து கட்டப்பட்டன. மிகுந்த வருவாயினரும் குறைந்த வருவாயினரும் அண்டை வீட்டாராக வாழ வேண்டும் என்பது நோக்கம். நெய்வேலியில், நம் நாட்டின் மற்றத் தொழில் நகரியங்களிலும் போலவே, பதவிக்குத் தக்க வீடு. வீட்டின் அளவைக் கண்டாலே குடியிருப்பவரின் சம்பளப் படியைச் சொல்லிவிடலாம். பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்த பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பும்போது வெவ்வேறு வகை வீடுகளுக்குத் திரும்புகிறார்கள். இதனைச் சொல்லும்போது பின்லாந்துக்காரர்கள் முழு வெற்றி கண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் அழகாக அமைந்ததே அதற்குப் பகையாயிற்று. எல்லாரும் அங்கே வாழ விரும்பினர். வீட்டு விலை ஏறிற்று. குறைந்த வருவாயினருக்கு இடம் அரிதாயிற்று.

இரண்டாவது வேறுபாட்டையே நான் பெரிதாகக் கருதுகிறேன். தாப்பியோலாவில் வீட்டை விலைக்கு வாங்கலாம், அங்கே மூப்படையலாம், பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். நெய்வேலி நகரியத்தில் வீடு நிறுவனத்திற்கு உரியது. பணி உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். நிலத்தில் எவருக்கும் பட்டா இல்லை. நகராட்சியும் இல்லை, சாலை, விளக்கு, குடிநீர் எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. ஆயினும் தெருவில் விளக்கு எரியவில்லையென்றால் முறையிட அலுவலகம் உண்டு. வாக்குச் சீட்டால் மாற்றக்கூடிய நகர்மன்றம் இல்லை.

ஆகவே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வாழ்ந்து வரும் ஓர் ஊரில், பரம்பரை வீடு என்று ஒன்று கிடையாது. அங்கேயே பிறந்து, அங்கேயே நடை பழகி, அங்கேயே பள்ளி முடித்த ஒருவன், தந்தையார் ஓய்வு பெற்ற மறுமாதம் வெளியூர்க்காரன் ஆகிவிடுகிறான். தன் கையால் நட்ட பலா காய்க்கும்போது அதன் சுளையை வேறொருவர் வீட்டுப் பிள்ளைகள் தின்கிறார்கள். நான் அறிந்த ஒருவர், முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் குடியிருந்தவர், படிவங்களில் சொந்த ஊர் என்னும் இடத்தில் தாம் இரண்டு வயதில் விட்டு வந்த சிற்றூரின் பெயரையே எழுதி வந்தார். ஏன் என்று கேட்டேன். அங்கேதான் எங்கள் பாட்டனார் பெயரில் அரைக்காணி இருக்கிறது என்றார்.

நிலம் என்று சொன்னவுடன் மற்றொரு சாராரை நினையாமல் இருக்க முடியாது. சுரங்கமும் நகரியமும் வருவதற்கு முன் அந்த இடம் வெறுங்காடாக இருக்கவில்லை. முந்திரியும் பலாவும், கேழ்வரகும் நெல்லும் விளைந்த சிற்றூர்கள் இருந்தன. அவற்றின் மக்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். சுரங்கம் விரிய விரிய இன்றும் வெளியேறுகிறார்கள். இழப்பீடு, மாற்று மனை, வீட்டுக்கொருவருக்கு நிலையான வேலை என்னும் கோரிக்கைகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுவழி வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே கண்டது. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அது சட்டத்தின் பேச்சு. கதிர் விடும் தறுவாயில் நிற்கும் பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அந்த வாதம் எட்டியிருக்குமா? கரேலியாவிலிருந்து வந்தவர்களுக்கு நாடு முழுவதும் இடம் தேடியது போல, மின்சாரத்திற்காக வீடிழந்தவர்களுக்கு மின்சாரம் பெற்ற ஊர்களெல்லாம் சேர்ந்து இடம் தேடியிருக்கலாகாதா என்று நான் நினைப்பதுண்டு. போரில் இழந்த நிலமும் திட்டத்தில் இழந்த நிலமும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் வண்டியில் ஏற்றும் பாத்திர பண்டங்கள் ஒன்றுதான்.

இவ்விரு சாராரையும், நிலத்தைக் கொடுத்து வெளியேறியவரையும் பணி முடிந்து வெளியேறியவரையும், இன்று ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்கலாம். நகரியத்தின் எல்லையைத் தாண்டியவுடன், ஒருபுறம் மந்தாரக்குப்பம், மற்றொருபுறம் வடக்குத்து, இந்திரா நகர், பிறகு வடலூர் என்று குடியிருப்புகள் நெருங்கி வளர்ந்திருக்கின்றன. தலைநகருக்குப் புறநகர் இருப்பது போல, நெய்வேலிக்கு இவை புறநகர்கள். இவற்றை எவரும் வரைபடத்தில் வகுக்கவில்லை. நகரியத்திற்குள்ளே மக்கள்தொகை 2001இல் 1,25,000க்கு மேல் இருந்தது; 2011இல் 1,06,000 அளவிற்குக் குறைந்துவிட்டது. முதல் அனல்மின் நிலையமும் தன் காலம் முடிந்து 2020இல் மூடப்பட்டது. அதற்கு மாற்றாகப் புதிய நிலையம் எழுந்துள்ளது. எனினும் கரி என்றேனும் தீரும் பொருள். தாப்பியோலாவோ தலைநகரோடு பின்னிக்கொண்டே போகிறது. 2017இல் நிலத்தடி இரயிலும் அங்கே வந்துவிட்டது. அது அடங்கிய எஸ்ப்போ நகரில் இப்பொழுது மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். தலைநகர் தீர்ந்துபோவதில்லை, சுரங்கம் தீரும். அதற்குப் பின் அந்த அழகிய நிழற்சாலைகள் யாருக்கு உரியனவாகும் என்பது, இன்று கல்லூரியில் பயிலும் உங்கள் காலத்தில் எழப்போகும் கேள்வி. ஓய்வு பெற்றவருக்கு அங்கேயே விலைக்கு மனை அளிப்பதா, நகராட்சி ஆக்குவதா, வெட்டி முடிந்த பள்ளங்களுள் எதனைத் தூர்த்து வயலாக்குவது, எதனை ஏரியாக விடுவது? சுரங்கம் முடிந்த சில இடங்களில் மண் நிரப்பி மரம் வைத்திருக்கிறார்கள்; நீர்நிலையும் பறவைகளும் உண்டு. சரளைக் குழியைத் தடாகமாக்கியது போன்ற வேலைதான். அளவு மட்டும் பன்மடங்கு பெரிது.

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் எங்கள் கரையைக் கடந்தது. பண்ணுருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நெய்வேலி நகரியத்திலும் நாற்பது ஐம்பது ஆண்டு கண்ட மரங்கள் சாலைகளை அடைத்துக்கொண்டு கிடந்தன. அடுத்த சில நாட்களில் நான் அங்கே சென்றபோது, நகரியத்தில் குடியிராத பலர் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன். வடலூரிலும் இந்திரா நகரிலும் வீடு கட்டிக்கொண்டு போய்விட்ட பழைய குடியினர் அவர்கள். தாங்கள் ஒருகாலத்தில் இருந்த வீட்டு வாயிலில் நின்று, இப்பொழுது அங்கே குடியிருப்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, எந்த மரம் விழுந்தது, எது தப்பியது என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். முறிந்த பலாவிலிருந்து விதைக்கு ஆகும் காய் ஏதேனும் தேறுமா என்று ஓர் அம்மையார் கிளைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் இந்திரா நகரில் இருக்கும் தம் மனையின் அகலத்தைக் கையால் காட்டினார். பலா வைக்க அந்த இடம் போதாது. இருந்தாலும் வைக்கத்தான் போகிறேன் என்றார்.